எல்லை செண்டாயான் வரை

என் அண்ணன் அமிர்தலிங்கத்தைப் பொறுத்தவரை ஆசியாக் கண்டத்தில் நான்கே வகை மனிதர்கள். தமிழன், மலாய்க்காரன், சீனன், மற்றவன் எல்லாம் பங்களா, அதாவது வங்காளதேசத்தான். நேப்பாளத்து மலையிலிருந்து இறங்கி வந்தவனும் பங்களா, லொம்போக் தீவிலிருந்து வந்தவனும் பங்களா, ஒடிசாவிலிருந்து வந்து அம்மன் சன்னதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறவனும் பங்களாதான். படிவம் ஐந்தில் பூகோளத் தேர்வன்று அவன் சிரம்பானில் படம் பார்க்கப் போயிருந்தான். அன்று விட்டதை இன்றுவரை அவன் பிடிக்கவில்லை. அவன்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் சங்கத்துக்குத் தலைவர்.

எங்கள் தோட்டம் என்று நான் சொல்கிறேன், அவனும் சொல்கிறான். அவன் இங்கிருந்து மூட்டை கட்டிப் பதினேழு வருடம் ஆகிறது. செண்டாயானில் மாடி வீடு, தானாகத் திறக்கும் கேட், வெள்ளை ஹைலக்ஸ் வண்டி. புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைக்கு நடுவே கிடக்கும் இந்தத் தோட்டத்துக்குத் திருவிழாவுக்கு மட்டும் வருவான். வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே "நம்ம மண்ணுலா இது" என்பான். சப்பாத்து அழுக்காகிவிடும் என்று சிமெண்டு போட்ட இடமாகப் பார்த்து நிற்பான்.

நான் விமலா. இதே தோட்டத்து ஆபீசில் இருபத்திரண்டு வருடமாகக் கிராணி, அதாவது கிளார்க். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு நேராகக் கோடு போட்டு, வேலைக்காட்டுக்கு அனுப்ப வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒரு பெயரையும் அதற்குரியவனின் தாய் கூப்பிட்டதுபோல நான் கூப்பிட்டதில்லை. மேனேஜர் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை நாட்டுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். முதல் லயம் லொம்போக், இரண்டும் மூன்றும் வங்காளதேசம், நான்காவது நேப்பாளம், ஐந்தாவதில் ஒடிசாவும் மியன்மாரும் பாதிப் பாதி. ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்குகிறது, நாட்டுக்கு ஒரு வண்ணம். யார் எந்த இறைச்சியைத் தொடமாட்டார்கள், யாரை யாரோடு ஒரே லோரியில் ஏற்றக்கூடாது, யாருக்கு எந்த நாள் பெருநாள், எல்லாம் அதில் இருக்கிறது. மேனேஜருக்கு ஆசியா என்றால் அந்த அட்டைதான். எனக்கும் அதுதான். அண்ணனைவிட எனக்கு விஷயம் தெரியும் என்ற கர்வம் வேறு.

அட்டைக்குக் கீழே ஓர் இரும்பு அலமாரி. நூற்றுப் பன்னிரண்டு பேரின் பாஸ்போர்ட்டும் அதற்குள். அவனவன் பாஸ்போர்ட் அவனவன் கையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் கம்பெனி கெட்டிக்காரக் கம்பெனி. 'பாதுகாப்புக்காக நானே விரும்பிக் கொடுத்தேன்' என்று ஒவ்வொருவனிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறது, அவனுக்குப் படிக்கத் தெரியாத மொழியில். வெளியே எடுக்க மேனேஜர் கையெழுத்து வேண்டும். அலமாரிச் சாவி என்னிடம்.

இந்தத் தோட்டத்தில் குடியிருக்கும் தமிழர் நான் ஒருத்திதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோதே நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். போனதில் தப்பில்லை. தொழிற்சாலையில் ஏர்கோன் காற்றில் நிற்க வழியிருக்கும்போது வெயிலில் குலை வெட்டு என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். அம்மனை மட்டும் இங்கே காவலுக்கு வைத்துவிட்டுப் போனார்களே, அதைத்தான் சொல்கிறேன். வருடம் முழுவதும் கோயில் வாசலைப் பெருக்குவது நேப்பாளி. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது ஒடிசாக்காரன். ஆனால் கோயில் சுவரில் உபயப் பலகை இன்னும் தொங்குகிறது. முதல் நாள் பால்வெட்டு உபயம், இரண்டாம் நாள் லோரி உபயம், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி உபயம். பால் வெட்ட ஒரு மரம் இல்லை, ஆஸ்பத்திரியில் வெளவால் குடியிருக்கிறது. அந்தந்த உபயத்துக்காரர்கள் சிரம்பானிலிருந்தும் செண்டாயானிலிருந்தும் கார் ஏறி வந்து மாலை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

போன வருடம் ஒடிசாக்காரர்கள் ஆறு பேர் தங்களுக்கும் ஒரு நாள் உபயம் வேண்டும் என்று பணிவாகக் கேட்டார்கள். அண்ணன் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிப் பதில் சொன்னான். "உபயம்லாம் பரம்பரைலா. வெளியாளுக்குக் குடுத்தா நாளைக்குக் கோயிலே என்னுதும்பான்." எங்கள் பாட்டன் சேலத்துப் பக்கமிருந்து கங்காணி பின்னால் இடுப்புத்துணியோடு வந்தவர். அவர் எந்தப் பரம்பரையை அந்தத் துணியில் முடிந்து கொண்டுவந்தார் என்று நான் அண்ணனைக் கேட்கவில்லை. மலாயில் மொழிபெயர்த்துவிட்டு என் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த வருடக் கூத்து கரகத்தில் ஆரம்பித்தது. எங்கள் கோயில் வழக்கப்படி கொடியேற்றத்தன்று கரகம் தூக்குகிறவர் கையில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். கட்டிவிட்டால் பத்தாம் நாள் அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக்கூடாது. ஆற்றுப் பாலம், பழைய பம்பு வீடு, குன்றடி, மெயின் ரோட்டுப் பெயர்ப்பலகை, இந்த நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைப்பார்கள். அதற்குள்ளேயே உண்டு, அதற்குள்ளேயே உறங்க வேண்டும். இத்தனை வருடம் தூக்கியவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அண்ணனுக்குக் கரகத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் பத்து நாள் இந்த லயத்தில் கொசுக்கடியில் படுக்க ஆசை வரவில்லை. அவன் சுலபமான வழி கண்டுபிடித்தான். எல்லையை நகர்த்தினான்.

"அந்தக் காலத்துல நம்ம மூனாவது டிவிஷன் செண்டாயான் வரைக்கும் போச்சி. என்கிட்ட மேப்பு இருக்கு" என்று கூட்டத்தில் சொன்னான். அந்த மேப்பை ஒருவரும் பார்க்கவில்லை, காட்டு என்று கேட்கவும் இல்லை. சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் செண்டாயான்வாசிகள். தங்கள் வரவேற்பறை அம்மன் எல்லைக்குள் வந்ததில் அவர்களுக்கும் சந்தோஷம். பூசாரி தலையாட்டினார். மெயின் ரோட்டுப் பலகையடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தை அண்ணன் ஹைலக்சில் கொண்டுபோய்த் தன் குடியிருப்புத் தாமான் முனையில் இருக்கும் சாலை வட்டமான ரவுண்டபோட்டில் வைத்தான். காப்புக் கட்டிய கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தினமும் வேலைக்குப் போனான், தன் மெத்தையில் தூங்கினான். பூசைக்கு மட்டும் வந்து கண்மூடி நின்றான். பக்தி முகத்தில் வழிந்தது.

இப்போது மாயாண்டியைச் சொல்ல வேண்டும். என் பெரட்டுப் பேரேட்டில் அவன் பெயர் மின்ட் ஆங். மியன்மார், ஐந்தாவது லயம், குலை வெட்டும் கேங். வேலைக்கு வந்த முதல் மூன்று மாதம் அவனிடம் மலாயில்தான் பேசினேன். ஒரு நாள் ஓலை மட்டை தோளில் விழுந்து, "அய்யோ ஆத்தா" என்று உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் விசாரித்தேன். பெகு பக்கம் நெல் வயலில் வேலை செய்த தமிழ்க் குடும்பம். எங்கள் ஆட்களைப் பினாங்கில் இறக்கிய அதே காலத்தில் அவன் ஆட்களை ரங்கூனில் இறக்கியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்குப் பர்மியப் பெயர், வீட்டுக்கு மாயாண்டி. இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் என்றால், மேனேஜரிடம் சொன்னேன். அவர் அட்டையில் மியன்மார் கட்டத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். நான் மட்டும்தான் தோட்டத்துத் தமிழர் என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

கொடியேற்றத்துக்கு முன் மாயாண்டி சங்கத்தாரிடம் வந்து, கரகத்தைத் தான் எடுக்கலாமா என்று கேட்டான். பெருமைக்காகக் கேட்கவில்லை. அவன் மகன் சந்திரனுக்குப் பத்தொன்பது வயது. அங்கே பிள்ளைகளைப் பிடித்துப் பட்டாளத்தில் சேர்க்கிறார்கள் என்று பையன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். தாய்லாந்து எல்லையிலிருந்து ஒருமுறை போன் பண்ணினான். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளாகப் பேச்சுமூச்சில்லை. பையன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர மாயாண்டிக்கு வேறு எண்ணம் கிடையாது. அதற்காகத்தான் கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான்.

அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ பேசறது தமிழ்தான். இல்லேங்கல. ஆனா நீ பர்மாக்காரன்லா. சங்கச் சட்டத்துல ஒனக்கு எடமில்ல."

மாயாண்டி கோயிலுக்குப் பின்னால் இருக்கும் முனீஸ்வரன் கல்லடியில் தானே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டான். கட்டிய பிறகு எல்லை தாண்டவில்லை. அவனுக்கு எல்லை பழைய எல்லைதான். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்குப் போய் போன் டாப் அப் வாங்கக்கூட ஒடிசாக்காரன் பீதாம்பரைத்தான் அனுப்பினான். பலகையடிவரை நடந்துபோய் அங்கேயே நின்று காத்திருப்பான். தலைவர் ஹைலக்சில் அவனைக் கடந்து செண்டாயானுக்குப் போவார், ஹாரன் அடித்துக்கொண்டு.

எட்டாம் நாள் சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு நான் ஆபீசைப் பூட்டப் போகும் நேரத்தில் மாயாண்டி ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"கிராணியம்மா, சந்திரன் வந்துட்டான்."

"எங்க?"

"சி ரூசாவுல. கடக்கர ரோட்டுல ஒரு சாப்பாட்டுக் கடைகிட்ட லோரிக்காரன் எறக்கி விட்டுட்டுப் போயிட்டானாம். கடக்காரம்மா போன் பண்ணுச்சி, லிண்டான்னு பேரு. பையனக் குசினியில உக்கார வச்சிருக்காம். ரெண்டு மணிவரைக்கும் பாத்துக்கிறேன், அதுக்குமேல முடியாது, சனிக்கெழம சாயங்காலம் செக்கிங் வரும்னு சொல்லுது. அம்மா, நீங்க..."

அவன் முடிக்கும் முன்பே என் கை அலமாரிச் சாவிக்குப் போய்விட்டது. "பாஸ்போர்ட் எடுக்கணும்னா மேனேஜர் சைன் வேணும் மாயாண்டி. இரு, போன் பண்றேன். மொதல்ல ஒக்காரு."

அவன் வாயைத் திறந்தான். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தான். பிறகு சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

மேனேஜர் கோல்ப் திடலில் இருந்தார். சனிக்கிழமை பந்தைத் துரத்தும்போது அவர் போனை எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு தடவை அடித்தேன். இடையில் வெளியேறும் பாரத்தை எடுத்து நிரப்பினேன். பெயர், நாடு, லய எண், வெளியே போகும் காரணம். காரணத்துக்கு என்ன எழுதுவது என்றே ஐந்து நிமிடம் யோசித்தேன். மகனைக் கூப்பிட்டு வர என்று எழுத முடியாது. பையனிடம் ஒரு பேப்பரும் இல்லை. மருத்துவம் என்று எழுதி, அடித்து, சொந்த வேலை என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். அன்றும் அழகாகத்தான் இருந்தது. மாயாண்டி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு அண்ணனின் ஹைலக்ஸ் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. சாயங்கால அன்னதானத்துக்குத் தோட்டத்துத் தண்ணீர் டாங்கி வேண்டும் என்று கேட்க வந்திருந்தான். நான் வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, இவன் மவன் சி ரூசாவுல மாட்டிக்கிட்டிருக்கான். ரெண்டு மணிக்குள்ள போகணும். ஒன் வண்டியில போனா முக்கா மணி நேரம்தான்."

அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். இத்தனை வருடத்தில் அபூர்வமாகத்தான் அது நடக்கும். வலது கையை உயர்த்திக் காப்பைக் காட்டினான். "காப்புக் கட்டியிருக்கேன் விமலா. எல்லை தாண்டக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"செண்டாயானுக்குத் தெனம் போயிட்டு வர்றியே."

"அது எல்லைக்குள்ள. சி ரூசா வெளிய." அவன் குரலில் கூச்சத்தின் சாயல்கூட இல்லை. தானே எலுமிச்சம்பழம் வைத்து வரைந்த கோட்டை அவனே நம்பியிருந்தான், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "பேப்பர் இல்லாத பையன்லா. என் வண்டியில ஏத்தி, வழியில ரோட்பிளாக் இருந்துச்சின்னா? தலைவர் மாட்டிக்கிட்டார்னா சங்கத்துக்கு அசிங்கம்" என்றான். மாயாண்டி இரண்டு அடி தள்ளி நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியும் என்பது அண்ணனுக்கு மறந்துவிட்டது.

இவனோடு ஒரே வீட்டில் பிறந்தேனே என்று கூசினேன். ஆனால் தண்ணீர் டாங்கிக்கான சீட்டை எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேனேஜர் கையெழுத்து தேவையில்லை. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மறுபடியும் மேனேஜருக்கு அடித்தேன். ஒன்று இருபத்தைந்துக்கு எனக்கு வீரம் வந்துவிட்டது. கையெழுத்து இல்லாமலே அலமாரியைத் திறந்து மின்ட் ஆங் என்ற பெயரில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாக விதியை மீறுகிறேன். அண்ணன் செய்யாததை நான் செய்கிறேன். என்னைப்பற்றி எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மாயாண்டி பாஸ்போர்ட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்தான். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பீதாம்பரின் பழைய மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். மெயின் ரோட்டுப் பலகையடியில் அவன் வண்டியை நிறுத்தி, இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அவன் போய்ச் சேர்ந்தபோது இரண்டு இருபது. ஒன்று ஐம்பதுக்கே இமிகிரேஷன் லோரி வந்து பையனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் நானே அந்த லிண்டாவுக்குப் போன் பண்ணினேன். முன்பின் தெரியாத பையனை நாலு மணி நேரம் குசினியில் ஒளித்து வைத்து, சோறு போட்ட பெண்பிள்ளை. என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "ஒன்னே முக்காலுக்கு ஒரு காடி வந்திருந்தாகூடப் பின்வாசலால ஏத்தி அனுப்பியிருப்பேன். அப்பா வருவாரு வருவாருன்னு அந்தப் பையன் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தான். அவரு லோரி போன பெறவு வந்தாரு. சட்டையாவது கெடைக்குமான்னு கேட்டாரு. ஈரச் சட்டைய மாத்திக்கச் சொன்னேன், கழட்டிப் போட்டிருந்தான்ல, அதக் குடுத்தேன்."

மகன் முகத்தை அவன் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நான் பாரம் நிரப்பியதில் அது போயிற்று.

ஒன்பதாம் நாள் காலை, கோயில் பந்தலில் சங்கத்தார் தேருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். மாயாண்டி குளித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பின்பக்கம் முனீஸ்வரன் கல்லுக்குப் போனான். காப்பை அவிழ்க்கத்தான். அண்ணன் விடவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டான்.

"மாயாண்டி, கையில கயித்தக் கட்டிக்கிட்டு எல்ல தாண்டுனே. பாத்தியா, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. ஒன் பையன எடுத்துக்கிட்டா. இதுக்குத்தான் வெளியாளுங்களுக்கு இதெல்லாம் வேணாம்னு சொன்னேன்."

சங்கத்தார் தலையாட்டினார்கள். ஒரு தலைகூட ஆடாமல் இருக்கவில்லை. செண்டாயானில் ஏர்கோனில் தூங்கி எழுந்து வந்த தலைகள். எனக்குள் ஏதோ அறுந்தது.

"ஆத்தா மேல பழி போடாத அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கூப்புட்டு வர முடியாதுன்னு சொன்னது நீ. ரவுண்டபோட்டுல எலுமிச்சம்பழம் வச்சி ஆத்தாவ ஏமாத்துறவன் நீ. அவனத் தாமதப்படுத்துனது ஆத்தா இல்ல, நான். கையெழுத்து வேணும், பாரம் வேணும்னு ஒன்ற மணி நேரம் பாஸ்போர்ட்டக் குடுக்காம உக்கார வச்சேன். அந்தப் பாவம் என்னுது."

அண்ணன் முகம் கறுத்தது. எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலும் கொஞ்சம் பெருமை கலந்திருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னவள் நான் ஒருத்திதானே. மாயாண்டி பக்கம் திரும்பினேன். "என்னை மன்னிச்சிரு மாயாண்டி. பாஸ்போர்ட்ட நான் அப்பவே குடுத்திருக்கணும்."

மாயாண்டி என்னைப் பார்த்தான். மகனின் சட்டை அவன் தோளில் கிடந்தது.

"நான் பாஸ்போர்ட்டு கேக்கலியேம்மா" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"கயிறு கட்டுனவன் நான் எப்படி எல்ல தாண்டுவேன்? அதுக்கா நான் உங்ககிட்ட ஓடியாந்தேன்? உங்க கார் வாசல்ல நின்னுச்சி. நீங்க போயிக் கூட்டியாந்து தர்றீங்களான்னு கேக்கத்தாம்மா வந்தேன். நீங்க சாவியத் தூக்கிட்டீங்க. அம்மாவுக்கு மனசில்லபோலன்னு உக்காந்துட்டேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு முனீஸ்வரன் கல்லடிக்கு நடந்தான். நான் அண்ணனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. என் கையில் யாரும் காப்புக் கட்டியிருக்கவில்லை. என் காரில் டாங்கி நிறைய எண்ணெய் இருந்தது.